வித்தியாசாகரரும் உபாத்தியாயரின் சுவாதீனமும்

ஈசுவர சந்திர வித்தியாசாகரர் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவரின் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, 1856-ஆம் ஆண்டின் விதவா விவாகச் சட்டம்; மற்றொன்று, கையில் உள்ளதையெல்லாம் கேட்டவர்க்குக் கொடுத்துவிட்டுக் கடன்பட்டு நின்ற அவருடைய தான குணம். இவ்விரண்டைப் பற்றியும் எழுதினோர் பலர். மேடையேறிப் பேசினோர் அதனினும் பலர். ஆனால் அம்மகான் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தது பாடசாலைகளிலேயாம். அவர் முதலும் முடிவும் ஓர் உபாத்தியாயர். பாடசாலையில் எதைக் கற்பிப்பது, எவ்வாறு கற்பிப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை கற்பிப்பவனுடையதா, அன்றி அவனுக்குச் சம்பளம் கொடுப்பவனுடையதா என்னும் வழக்கு அவர் வாழ்க்கை முழுவதும் நடந்துகொண்டே இருந்தது. அவ்வழக்கின் பொருட்டு அவர் இருமுறை உத்தியோகத்தை உதறினார். அந்தச் சரித்திரம் நம்மிடையே போதிய அளவு பரவவில்லை. ஆதலின் அதனையே இங்கு எழுதப் புகுந்தோம்.

அவர் 1820-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 26-ந் தேதி வங்காளத்தில் பீர்சிங்கம் என்னும் கிராமத்தில் ஓர் ஏழைப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை டாகுர்தாஸ், தாய் பகவதி தேவி. தந்தையார் கல்கத்தாவில் சொற்பச் சம்பளத்தில் வேலை பார்த்தவர். எட்டு வயதில் தந்தையுடன் கல்கத்தாவுக்கு நடந்து செல்லும்போது, சாலையோரத்து மைல் கற்களைப் பார்த்தே ஆங்கில எண்களைக் கற்றுக்கொண்டார் என்பது வங்காளத்துச் சிறுவர்களெல்லாம் அறிந்த கதை. நகரத்தில் தாமே சமைத்து, வீட்டிலுள்ளோர்க்கும் பரிமாறி, மிஞ்சிய இரவு நேரத்தில் படித்தார். இவ்வறுமைக் கதைகளை விரித்துரைப்பது நமது நோக்கமன்று. வறுமையில் படித்தோர் நம் நாட்டில் எண்ணிறந்தோர். படித்தபின் வறுமைக்கு அஞ்சாதோரே அரியர்.

1829-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸம்ஸ்கிருத கலாசாலையில் சேர்ந்தார். அக்காலத்தில் அங்கு இலக்கணம் கற்பித்த முறையை வாசகர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும்; பின்னால் வரும் விஷயத்துக்கு அது மூலமாகும். வோபதேவர் இயற்றிய முக்தபோதம் என்னும் நூல் அங்கே பாடம். அந்நூல் ஸம்ஸ்கிருதத்தில் எழுதிய சூத்திரங்களால் ஆனது. மாணாக்கனோ ஸம்ஸ்கிருதம் அறியாத சிறுவன். தெரியாத பாஷையின் இலக்கணத்தை அந்தத் தெரியாத பாஷையிலேயே அவன் நெட்டுருப்போட வேண்டும். பொருள் மனத்துக்குள் புகுமுன் சூத்திரம் தொண்டைக்குள் இறங்க வேண்டும். இவ்வாறு வருஷக்கணக்காகச் சூத்திரங்களை உருவேற்றிய பின்னரே காவியத்தின் முதல் சுலோகத்தைக் காண்பான். ஈசுவர சந்திரர் கூர்மையான மாணவராதலால் அதனைக் கடந்து, அலங்காரம், வேதாந்தம், ஸ்மிருதி, நியாயம் முதலிய சாஸ்திரங்களையும் கற்றுத் தேறி, இருபது வயதளவில் வித்தியாசாகரர் என்னும் பட்டத்தையும் பெற்றார். ஆனால் தமக்குப் பின்னிருந்த பெஞ்சுகளில் முக்தபோதத்திலேயே முடங்கிப்போன பிள்ளைகளை அவர் மறக்கவில்லை.

1841-ஆம் ஆண்டின் இறுதியில், கும்பினியாரின் இளம் உத்தியோகஸ்தர்களுக்கு இந்திய பாஷைகளைக் கற்பிக்கும் கோட்டை வில்லியம் கலாசாலையில், மாதம் 50 ரூபாய் சம்பளத்தில் தலைமைப் பண்டிதரானார். அங்கேதான் அவர் ஆங்கிலத்தைச் செவ்வையாகக் கற்கத் தொடங்கினார். அவருக்கு அதில் துணைபுரிந்த நண்பர்களுள் ஒருவர் துர்க்காசரண் பானர்ஜி. இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.

1846-ஆம் ஆண்டில், தாம் படித்த ஸம்ஸ்கிருத கலாசாலைக்கே உதவிக் காரியதரிசியாகத் திரும்பி வந்தார். இக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை அவருடைய சரித்திரக்காரர்கள் எல்லோரும் சொல்லுகிறார்கள். பக்கத்திலிருந்த ஹிந்து கலாசாலையின் பிரின்ஸிபால் கெர் என்னும் ஆங்கிலேயரைக் காரியமாகக் காணச் சென்றபோது, அவர் பூட்ஸ் அணிந்த கால்களை மேஜைமேல் நீட்டியபடியே பண்டிதரை வரவேற்றாராம். சில நாள் கழித்து அந்தத் துரை இவரைக் காண வந்தபோது, பண்டிதரும் செருப்பணிந்த கால்களை மேஜைமேல் நீட்டிக்கொண்டு, அவருக்கு நாற்காலியும் காட்டாமல் பேசினாராம். மேலதிகாரிகள் சமாதானம் கேட்டதற்கு, நாகரிகமடைந்த ஜாதியாரின் உபசார முறை இதுவே என்று அந்தத் துரையிடம் தாம் கற்றுக்கொண்டதாகப் பதிலெழுதினார் என்பர். இக்கதையைச் சொல்லி மகிழ்வது நம்மவர்க்கு வழக்கம். நாமும் மகிழ்கிறோம். ஆயினும் இதே ஆண்டுகளில் அவர் நடத்திய வேறொரு போராட்டம் இதனினும் கடினமானது. அதில் எதிரே இருந்தவர் வெள்ளைக்காரர் அல்லர்.

கலாசாலையின் காரியதரிசி ரஸமய தத்தர் என்னும் வங்காளப் பிரமுகர். நீதி ஸ்தலத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே கலாசாலைக் காரியத்தையும் கவனித்தவர். வித்தியாசாகரர் தாம் பட்டறிந்த குறைகளையெல்லாம் ஆராய்ந்து, பாடத்திட்டம் முழுவதையும் திருத்தி அமைக்கும் யோசனை ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதில் தமக்குப் பிடித்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தத்தர் ஒதுக்கிவிட்டார். ஒன்றையொன்று தாங்கி நிற்கும் தூண்களில் இரண்டை நிறுத்தி மூன்றைத் தள்ளினால் கூரை எங்ஙனம் நிற்கும்? கற்பிக்கும் பொறுப்பு ஒருவரிடமும், கற்பிக்கும் முறையை நிர்ணயிக்கும் அதிகாரம் வகுப்பறைக்குள் வராத மற்றொருவரிடமும் இருக்குமானால் அங்கே தமக்கு வேலையில்லை என்று 1847-ஆம் ஆண்டில் ராஜிநாமாக் கொடுத்தார். வேலையை விட்டுவிட்டு எதைச் சாப்பிடுவார் என்று தத்தர் வியந்தாராம். காய்கறி விற்றோ மளிகைக் கடை வைத்தோ பிழைப்பாரேயன்றி, மதிப்பில்லாத உத்தியோகத்தில் இரார் என்று பண்டிதரின் மறுமொழி அவர் காதுக்கு எட்டியதாம். சம்பளம் கொடுப்பவன் அந்நியனாயிருந்தால் மட்டுமே உபாத்தியாயரின் சுவாதீனத்துக்கு ஆபத்து என்று எண்ணுவோர் ரஸமய தத்தரை ஒருமுறை நினைத்துப் பார்ப்பார்களாக.

காய்கறிக் கடை வைக்க வேண்டிய அவசியம் நேரவில்லை. ஏனெனில் அவர் வேறொரு கடை வைத்துவிட்டார். தம் நண்பர் மதனமோகன தர்க்காலங்காரருடன் சேர்ந்து, 600 ரூபாய் கடன் வாங்கி ஸம்ஸ்கிருத அச்சுக்கூடம் என்ற பெயரில் ஓர் அச்சுக்கூடத்தை நிறுவினார். பாரதசந்திரரின் அன்னதா மங்கல காவியத்தைப் பழைய ஏட்டோடு ஒத்துப்பார்த்துப் பதிப்பித்தார். கோட்டை வில்லியம் கலாசாலையார் நூறு பிரதிகள் வாங்கிக்கொள்ளவே அச்சுக்கூடக் கடன் தீர்ந்தது. பின்னர் அவருடைய பாடபுத்தகங்கள் ஒவ்வொன்றாக அங்கே வெளிவந்து வங்காளமெங்கும் பரவின. புத்தக வருமானம் நாளடைவில் எந்த ஸர்க்கார் சம்பளத்தையும் விஞ்சியது. இதனை வெறும் வியாபாரச் செய்தியாக எண்ணித் தள்ளுதல் கூடாது. மேலதிகாரியின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல நெஞ்சுறுதி மட்டும் போதாது. மாதம் பிறந்தால் அடுப்பெரிய வழியும் வேண்டும். நெஞ்சுறுதியுள்ள எத்தனையோ பண்டிதர்கள் இவ்விரண்டாவது இல்லாமையால் வாய்மூடிக் கிடந்ததை நாம் அறிவோம். வித்தியாசாகரர் அதனை இருபத்தேழாவது வயதிலேயே உணர்ந்துகொண்டார் என்பது நமது அபிப்பிராயம்.

1850-ஆம் ஆண்டு டிசம்பரில் ஸம்ஸ்கிருத கலாசாலையில் இலக்கிய ஆசிரியர் ஸ்தானம் காலியாயிற்று. அக்காலத்தில் வங்காளத்துக் கல்வியை நிர்வகித்தது கல்விச் சபை. அதன் காரியதரிசி டாக்டர் மோவாட். அவர் வித்தியாசாகரரையே அழைத்தார். பிரின்ஸிபாலின் அதிகாரம் தமக்குக் கிடைப்பதானால் மட்டுமே ஏற்பதாக இவர் பதிலளித்தார். மோவாட் அதனை எழுத்திலேயே வாங்கிக்கொண்டார். வேலை தேடிச் செல்பவன் நிபந்தனை சொல்வது அந்நாளில் கேள்விப்படாத காரியம். அடுத்த மாதமே ரஸமய தத்தர் விலகிக்கொள்ள, காரியதரிசி, உதவிக் காரியதரிசி என்ற இரு பதவிகளையும் எடுத்துவிட்டுப் பிரின்ஸிபால் பதவி ஒன்றை உண்டாக்கி, 150 ரூபாய் சம்பளத்தில் அதனை அவருக்கு அளித்தார்கள். அப்போது அவருக்கு வயது முப்பது.

கிடைத்த அதிகாரத்தை அவர் என்ன செய்தார்? முதலில் முக்தபோதத்தை எடுத்தார். ஸம்ஸ்கிருத இலக்கணத்தை வங்காளி பாஷையில் எளிதாக விளக்கும் உபக்கிரமணிகை என்ற நூலை 1851-ஆம் ஆண்டில் தாமே எழுதி வெளியிட்டார். அதனைத் தொடர்ந்து வியாகரண கௌமுதி வந்தது. வருஷக்கணக்கில் நடந்த வேலை மாதக்கணக்கில் முடியலாயிற்று. லீலாவதியையும் பீஜகணிதத்தையும் வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்த முறையை மாற்றி, கணிதத்தை ஆங்கில வாயிலாகக் கற்பிக்கச் செய்தார். விருப்பமுள்ளவர் மட்டும் படித்துவந்த ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கினார். பிரதமை, அஷ்டமி என்று திதி பார்த்து விட்டுவந்த விடுமுறையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார். பிராமணரும் வைத்தியரும் மட்டுமே நுழைந்துவந்த கலாசாலையில் 1851-ஆம் ஆண்டில் காயஸ்தர்களையும், பின்னர் மற்ற ஹிந்து ஜாதியாரையும் சேர்த்துக்கொண்டார். இதற்குப் பண்டிதர்கள் பலர் ஆக்ஷேபம் தெரிவித்தும் அவர் பின்வாங்கவில்லை. அங்கிருந்த பண்டிதர்களிற் சிலர் அவருடைய குருமார்கள். அவர்கள் காலம் தாழ்த்தி வருவதைக் கண்டிக்க வாய் வராமல், அவர் வாசலில் நின்றுகொண்டு, இப்போதுதான் வருகிறீர்களா என்று மட்டும் பணிவாக விசாரிப்பாராம். சில நாட்களில் எல்லோரும் மணியடிக்குமுன் வந்து சேர்ந்தார்கள் என்று சொல்வதுண்டு.

இனி 1853-ஆம் ஆண்டின் விவகாரத்துக்கு வருவோம். இதுவே அவர் சரித்திரத்தில் நாம் மிகவும் பெரிதாக மதிக்கும் பகுதி. காசி ஸம்ஸ்கிருத கலாசாலையின் பிரின்ஸிபால் டாக்டர் பாலண்டைன் என்னும் ஆங்கிலேயர் ஸம்ஸ்கிருதம் நன்கறிந்தவர், நல்லெண்ணம் உடையவருங்கூட. கல்விச் சபையார் அவரைக் கல்கத்தாவுக்கு வரவழைத்து, வித்தியாசாகரரின் கலாசாலையைப் பார்வையிட்டு அபிப்பிராயம் கூறச் சொன்னார்கள். அவர் பார்த்தார், பாராட்டினார், சில திருத்தங்களும் சொன்னார். ஐரோப்பிய தத்துவத்தையும் நமது தத்துவத்தையும் தனித்தனியே படிக்கும் மாணவன் உண்மை இருவகைப்பட்டது என்று மயங்குவான் என அவர் அஞ்சினார். ஆதலின் இரண்டையும் இணைத்துக் காட்டும் நூல்களைப் பாடமாக்க வேண்டும். பெர்க்கிலியின் தத்துவ நூலை வைக்க வேண்டும். மில் என்பாரின் தர்க்க நூலுக்குத் தாம் எழுதிய சுருக்கத்தையும் வைக்க வேண்டும் என்பது அவர் யோசனை.

வித்தியாசாகரர் 1853 செப்டம்பரில் எழுதிய பதில் நம்மவரில் பலரைத் திடுக்கிடச் செய்யும். வேதாந்தமும் ஸாங்கியமும் பிழைபட்ட தத்துவங்கள் என்பதில் இப்போது விவாதமில்லை என்றும், காரணம் பற்றி அவற்றைக் கற்பிக்க வேண்டியிருக்கிறது என்றும், கற்பிக்கும்போதே அவற்றின் வேகத்தைத் தடுக்கத்தக்க வலிய தத்துவத்தை ஆங்கிலத்தில் கற்பிக்க வேண்டும் என்றும் அவர் எழுதினார். பெர்க்கிலியின் கொள்கையும் வேதாந்தத்தைப் போன்ற முடிவுக்கே கொண்டு செல்வதால் அது பயன்படாது. மில்லின் நூலைச் சுருக்கமாக அன்றி முழுமையாகவே படிக்க வேண்டும். இரு வழியிலும் செவ்வையாகக் கற்றவனுக்கு உண்மை ஒன்றாகவே தோன்றும் என்றார். வேதாந்தத்தைப் பற்றிய அவருடைய இந்த அபிப்பிராயத்தை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஏற்காதோர் அவர் காலத்திலேயே பலர் இருந்தனர். நாம் கவனிக்க வேண்டியது வேறு. அவர் தமக்குப் பிடிக்காத வேதாந்தத்தைப் பாடத்திலிருந்து எடுத்துவிடவில்லை. மாணாக்கன் இரண்டையும் படித்துத் தானே நிறுத்துப் பார்க்கும் நிலைக்கு வரவேண்டும் என்பதே அவர் ஏற்பாடு. எந்த நூல் அதற்கு உதவும், எது உதவாது என்பதை அன்றாடம் அப்பிள்ளைகளின் முன் நிற்பவனே அறிவான். சில நாள் பார்வையிட்டுச் சென்ற அறிஞர், எத்துணைப் பெரியவராயினும், அறியார் என்பதே அவர் வாதத்தின் உயிர்நிலை.

கல்விச் சபையார் இப்பதிலுக்கு இணங்கவில்லை. பாலண்டைனின் நூல்களைப் பயன்படுத்தும்படியும், அவரோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளும்படியும் தீர்மானித்தார்கள். அக்டோபர் மாதம் வித்தியாசாகரர் மோவாட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஸம்ஸ்கிருதத்தை அவர் கற்பிக்க விரும்பியது பழைய சாஸ்திரிகளைப் பெருக்குவதற்கன்று. தாய்பாஷையில் தெளிவாகவும் வலிமையாகவும் எழுதவல்ல இளைஞர்களை உண்டாக்கி, ஆங்கிலத்தின் வாயிலாகப் பெற்ற அறிவை அவர்கள் மூலம் ஜனங்களிடம் பரப்புவதற்கே. தம்மை அவ்வழியில் விட்டால் சில ஆண்டுகளில் அத்தகையோரை உண்டாக்கித் தருவதாக உறுதி கூறினார். அதற்குத் தமக்கு ஒன்று வேண்டும். சொல் கடுமையாயிருந்தால் பொறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, தம்மைப் பெரும்பாலும் தளையிடாமல் விட்டுவிட வேண்டும் என எழுதினார். ஸர்க்காரிடம் சம்பளம் வாங்கிய ஓர் இந்திய உபாத்தியாயர் 1853-ஆம் ஆண்டில் இவ்வாறு எழுதியதை எண்ணுந்தோறும் நமக்கு வியப்புண்டாகிறது. சம்பள உயர்வு வேண்டும் என்றோ பதவி வேண்டும் என்றோ அவர் கேட்கவில்லை. பலனைக் காட்டும் பொறுப்பைத் தாம் ஏற்று, வழியைத் தம்மிடம் விடும்படி கேட்டார். சபையார் அதன்பின் அவரைத் தடுக்கவில்லை.

ஆனால் சபையே இரண்டாண்டு நீடிக்கவில்லை. 1854-ஆம் ஆண்டு லண்டனிலிருந்து வந்த கல்வி உத்தரவின்படி, 1855-ஆம் ஆண்டு ஜனவரியில் கல்விச் சபையைக் கலைத்துவிட்டுக் கல்வி டைரக்டர் என்ற உத்தியோகத்தை ஏற்படுத்தினார்கள். முதல் டைரக்டராக வந்த கார்டன் யங் என்பவர் சிவில் உத்தியோகஸ்தர், வயதில் இளையவர், கல்வி விஷயத்தில் பழக்கமில்லாதவர். முன்பு ஒரு சபையாரோடு வாதாடி அவர்களைத் தெளிவிக்கலாம். இப்போதோ கச்சேரியில் ஒரு மேஜை. அதற்குப் பின்னால் ஓர் அதிகாரி. அவருக்குக் கீழே படிவங்கள். இம்மாறுதல் வங்காளத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. மற்ற மாகாணங்களுக்கும் இதே ஏற்பாடு வந்தது.

லெப்டினெண்ட் கவர்னர் ஹாலிடே வித்தியாசாகரரிடம் மிக்க மதிப்புடையவர். அவருடைய விருப்பத்தின்பேரில் 1855-ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து பண்டிதர் பாடசாலைகளை மேற்பார்வையிடும் உத்தியோகத்தையும் சேர்த்து வகித்தார். பிரின்ஸிபால் சம்பளம் 300 ரூபாயுடன் இதற்கு 200 ரூபாய் சேர்ந்து மாதம் 500 ரூபாய் ஆயிற்று. அக்காலத்து இந்தியர்க்கு அது பெருந்தொகை. நதியா, பர்துவான், ஹூக்ளி, மேதினிபூர் ஆகிய நான்கு ஜில்லாக்களில் தாய்பாஷையில் கற்பிக்கும் மாதிரிப் பாடசாலைகள் இருபதை நிறுவினார். அவற்றுக்கு உபாத்தியாயர் வேண்டுமென்று பயிற்சிப் பள்ளி ஒன்றைத் திறந்து, அக்ஷயகுமார தத்தரை அதன் தலைவராக வைத்தார். வங்காளிக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக எழுத்துக் கற்ற வர்ண பரிசயம் என்ற நூலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

அடுத்து வந்தது பெண் பாடசாலை விஷயம். ஹாலிடே வாய்மொழியாக அளித்த ஊக்கத்தை நம்பி, 1857 நவம்பர் முதல் 1858 மே மாதத்துக்குள் முப்பத்தைந்து பெண் பாடசாலைகளைப் பண்டிதர் திறந்தார். பெரும்பாலானவை ஹூக்ளி, பர்துவான் ஜில்லாக்களிலே. சுமார் 1,300 பெண் குழந்தைகள் படிக்க வந்தார்கள். பெண் எழுத்தறிந்தால் விதவையாவாள் என்று கிழவிகள் சாபமிட்ட காலம் அது. செலவுப் பட்டியைச் சமர்ப்பித்தபோது டைரக்டர் மறுத்தார். முன்னதாக எழுத்துமூலமான உத்தரவு இல்லை என்பது காரணம். இந்திய ஸர்க்காரும், கிராமத்தார் பங்கு செலுத்தாத பள்ளிகளுக்கு உதவி இல்லை என்று கைவிரித்தது. சிப்பாய்க் கலகத்தால் கஜானாவும் வறண்டிருந்தது. உபாத்தியாயர்களோ மாதக்கணக்காகச் சம்பளமின்றி உழைத்தவர்கள். அவர்களுக்குச் சேரவேண்டிய 3,439 ரூபாய் சொச்சம் பண்டிதரின் தலைமேல் நின்றது. அவரை நம்பி வேலைக்கு வந்தவர்கள் அவரையே அன்றோ கேட்பார்கள்?

எழுத்தில் உத்தரவு பெறாமல் இத்தனை பள்ளிகளைத் திறந்தது முன்யோசனையற்ற செயல் என்று குறை கூறுவோர் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. கச்சேரி முறைப்படி பார்த்தால் கார்டன் யங் செய்ததில் பிழை காண்பது அரிது. ஆனால் அம்முறைப்படி காத்திருந்தால் முப்பத்தைந்தில் ஒன்றாவது திறந்திருக்குமா என்பதை அவர்கள் சொல்லட்டும். எந்தக் கிராமத்தில் பெண்களைப் படிக்க அனுப்ப மனம் கனிந்திருக்கிறது, எந்த மாதத்தில் கேட்டால் இணங்குவார்கள் என்பது நேரில் சென்று திண்ணையில் உட்கார்ந்து பேசியவருக்குத் தெரியும்; படிவத்துக்குத் தெரியாது.

1858-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி வித்தியாசாகரர் ராஜிநாமாவை எழுதினார். தேக அசௌக்கியத்தைக் காரணமாகக் காட்டினார், அதனோடு நிற்கவில்லை. நடைமுறையிலுள்ள கல்வி ஏற்பாட்டில், மனச்சாட்சியுள்ள ஊழியனுக்கு இருக்க வேண்டிய உள்ளன்பு தமக்கு இல்லை என்பதையும் மறைக்காமல் தெரிவித்தார். ஹாலிடே மனம் மாற்ற முயன்றும் பயனில்லை. நவம்பர் மாதத்தில் பொறுப்பை ஒப்புவித்துவிட்டு வெளியேறினார். அவருக்கு உபகாரச் சம்பளமும் கிடைக்கவில்லை. வயது முப்பத்தெட்டு. அதே ஆண்டு டிசம்பரில் ஸர்க்கார் ஒருவாறு மனமிரங்கிப் பெண் பாடசாலை உபாத்தியாயர்களின் பாக்கியை மட்டும் கொடுத்துத் தீர்த்தது. பள்ளிகளுக்கு நிரந்தர உதவி தரவில்லை. பண்டிதர் நன்கொடை திரட்டி ஒரு நிதி ஏற்படுத்தி, அவற்றில் சிலவற்றையேனும் பிழைக்கச் செய்தார். மற்றவை மூடப்பட்டன. சுவாதீனத்தைக் காத்துக்கொண்ட அவருக்கு அதன் விலை என்ன என்பது தெரிந்தே இருந்திருக்கும். அவ்விலையில் ஒரு பங்கை அந்தச் சிறுமிகளும் கொடுத்தார்கள்.

உத்தியோகத்தை விட்டவர் பள்ளிக்கூடத்தை விடவில்லை. கல்கத்தாவில் சில கனவான்கள் 1859-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு பாடசாலையின் நிர்வாகத்தில் சேர்ந்தார். நிர்வாகிகளிடையே பிளவு நேர்ந்தபின் பொறுப்பு அவரிடமே வந்தது. 1864-ஆம் ஆண்டில் அதற்கு ஹிந்து மெட்ரோபாலிடன் இன்ஸ்டிட்யூஷன் என்று பெயரிட்டார். அதனைக் கலாசாலையாக உயர்த்த அவர் விரும்பியபோது எழுந்த தடை நம் வாசகர்கள் அறியத்தக்கது. ஐரோப்பியப் பேராசிரியர் ஒருவரும் இல்லாமல் இந்தியர்களே ஆங்கில இலக்கியத்தை எங்ஙனம் கற்பிக்க முடியும் என்று ஸர்வகலாசாலை வட்டாரத்தில் ஐயுற்றார்கள். முதல் விண்ணப்பம் பலிக்கவில்லை. 1872-ஆம் ஆண்டில், நீதிபதி துவாரகநாத மித்திரர், கிருஷ்ணதாஸ் பால் ஆகியோரையும் உடன் சேர்த்துக்கொண்டு மறுபடி முயன்றார். ராஜதானிக் கலாசாலையின் சம்பளம் மத்தியதரக் குடும்பத்துக்கு எட்டாதது. பாதிரிமார் கலாசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குகிறார்கள். இவ்விரண்டுக்கும் வெளியே ஒரு வழி வேண்டும் என்று துணைவேந்தருக்கு எழுதினார். அவ்வாண்டில் எஃப்.ஏ. வகுப்புக்கு அங்கீகாரம் கிடைத்தது. 1879-ஆம் ஆண்டில் பி.ஏ. வகுப்புக்கும் கிடைத்தது. ஸர்க்காரிடம் ஒரு காசு உதவி பெறாமல், இந்திய ஆசிரியர்களை மட்டும் கொண்டு, மாதம் 3 ரூபாய் சம்பளத்தில் அக்கலாசாலை நடந்தது. முதல் பரீக்ஷை முடிவு வந்தவுடனே ஐயுற்றோர் வாய் அடைந்தது. ராஜதானிக் கலாசாலையின் பிரின்ஸிபால் ஸட்கிளிஃப் துரையே வியந்து பாராட்டினார் என்பர்.

ஸர்க்கார் பணம் வாங்காததன் பலன் 1875-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. சிவில் ஸர்வீஸ் உத்தியோகத்திலிருந்து முந்திய ஆண்டில் நீக்கப்பட்ட ஸுரேந்திரநாத் பானர்ஜி, இங்கிலாந்துக்குச் சென்று முறையிட்டும் பயனின்றி, பாரிஸ்டராகவும் இடம் பெறாமல் திரும்பி வந்தார். ஸர்க்கார் தள்ளிய மனிதனுக்கு வேலை கொடுக்க எவர் துணிவார்? வித்தியாசாகரர் அவரை அழைத்து, மாதம் 200 ரூபாயில் ஆங்கிலப் பேராசிரியராக நியமித்தார். ஸுரேந்திரநாதர் வேறு யாருமல்லர்; கோட்டை வில்லியம் நாட்களில் பண்டிதருக்கு ஆங்கிலம் கற்க உதவினாரே, அந்த துர்க்காசரணரின் குமாரரே. ஆனால் நட்புக்காக மட்டும் இதைச் செய்தார் என்று நாம் எண்ணவில்லை. தம் கலாசாலைக்கு யார் ஆசிரியர் என்பதைத் தாமே தீர்மானிக்கக்கூடியவர் அன்று கல்கத்தாவில் அவர் போன்றோர் சிலரே இருந்தனர். அடுத்த ஆண்டு ஸுரேந்திரநாதரும் நண்பர்களும் இந்தியச் சங்கத்தை ஸ்தாபித்தார்கள். மாஜினியைப் பற்றியும் சீக்கியரைப் பற்றியும் அவர் மாணாக்கர்களிடையே செய்த பிரசங்கங்கள் வங்காளத்தின் அரசியலையே மாற்றின.

இவ்வளவும் எழுதியபின் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. தமக்கு வேண்டிய சுவாதீனத்தை வித்தியாசாகரர் தமக்குக் கீழிருந்த உபாத்தியாயர்களுக்கு எவ்வளவு தூரம் அளித்தார்? பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கலாகாது என்பது அவர் பள்ளிகளில் மீறக்கூடாத விதி. மீறிய உபாத்தியாயர் நிற்க முடியாது. இதில் நாம் அவர் பக்கமே. பிற விஷயங்களிலும் அவர் கை இறுக்கமாகவே இருந்தது. கணக்கில் குறை கண்டபோது, கலாசாலையை நடத்திவந்த தம் மருமகனையே விலக்கியவர் அவர். சியாம்புகூர் கிளைப் பள்ளியின் தலைமை உபாத்தியாயராயிருந்தவர் மகேந்திரநாத் குப்தர். ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்ஸரின் மொழிகளைத் தொகுத்து உலகுக்குத் தந்தவர். 1882-ஆம் ஆண்டில் பரமஹம்ஸரை வித்தியாசாகரரின் வீட்டுக்கு அழைத்து வந்தவரும் அவரே. பின்னர் பரமஹம்ஸர் நோய்வாய்ப்பட்டிருந்த காலத்தில் பள்ளியின் பரீக்ஷை முடிவு சற்றுக் குறைந்தது. தலைமை உபாத்தியாயர் அடிக்கடி பரமஹம்ஸரிடம் சென்று வருவதே காரணம் என்று வித்தியாசாகரர் குறிப்பிட்டார். மகேந்திரநாதர் மறுநாள் வருவதைப் பற்றி யோசிக்கவுமில்லை. ராஜிநாமாவை எழுதிக் கொடுத்துவிட்டார். 1847-ஆம் ஆண்டில் ரஸமய தத்தரின் மேஜைமேல் வைத்த கடிதம் இப்போது வித்தியாசாகரரின் மேஜைக்கே வந்து சேர்ந்தது. அதைக் கண்டு பண்டிதர் என்ன நினைத்தாரோ, அவருடைய சரித்திரக்காரர்கள் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகிறார்கள். பாடசாலையின் தலைவன் மேலதிகாரியிடமிருந்து மீட்ட உரிமை தலைவனோடு நின்றுவிடக்கூடாதன்றோ?

கடைசி ஆண்டுகளில் நகரத்து மனிதரிடம் அவருக்குச் சலிப்பு உண்டாயிற்று. ஸந்தாலர்கள் வாழும் கர்மாடார் என்னும் ஊரில் ஒரு வீடு கட்டிக்கொண்டு, அம்மக்களுக்கு மருந்து கொடுத்தும், அவர்களிடம் சோளம் வாங்கி அவர்களுக்கே பகிர்ந்தும் நாட்களைக் கழித்தார். எனினும் கலாசாலைக் காரியத்தை விடவில்லை. அதற்காகக் கல்கத்தாவுக்கு வருவதும் போவதுமாக இருந்தார். 1891-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 29-ந் தேதி கல்கத்தாவில் காலமானார். அவர் ஸர்க்கார் உதவியின்றி வளர்த்த மெட்ரோபாலிடன் கலாசாலைக்கு 1917-ஆம் ஆண்டில் வித்தியாசாகர் கலாசாலை என்று பெயரிட்டார்கள்.